படுக்கை வைத்த வண்டி

எனக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸோ காரோ ஷேர் ஆட்டோவோ, ஏறி உட்கார்ந்து இரண்டு வளைவு திரும்பினால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். கல்யாணத்தன்று என்னைக் காரில் அழைத்துவந்தார்கள். முன் சீட்டில் இருந்த என் வீட்டுக்காரரின் அண்ணன், பின்னால் என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்த நேரம், அவர் தோளில் கிடந்த பட்டுத் துண்டின் மேலேயே எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவருக்கு என் பெயர் 'வாந்தி'. "வாந்தி, சோறு போடு." "இன்னா வாந்தி, மாடு கறந்தாச்சா?" வீட்டுக்கு வருகிற விருந்தாளி ஒவ்வொருவருக்கும் பெயர்க்காரணத்தை விளக்கிச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி நின்று சிரிப்பார்.

சிரிக்காத ஒரே ஆள் அந்த மூத்தவரின் பெண்டாட்டி, என் ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்தக் கல்யாண நாளில் என் கூறைப்புடவையை நாற்றத்தோடு வாங்கிக்கொண்டுபோய்க் குழாயடியில் அலசிக் கொடுத்தது அக்காதான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே குழாயடி. இத்தனை வருஷத்தில் ஒரு சுடுசொல் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததில்லை.

எங்கள் மாடியில் துணி காயப்போடப் போனால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். ஊரில் மாடு மேய்க்கிறவன்வரைக்கும் போய்வந்துவிட்டான். கரியாலூரில் படகு விடுகிறார்கள், சித்திரையிலும் போர்வை வேண்டியிருக்கிறது, மலைத்தேன் வாங்கிவந்தோம் என்று ஆளாளுக்குக் கதை. கோமுகி அணை தாண்டினால் கொண்டைஊசி வளைவுகள். அந்த வளைவுகளை நினைத்தாலே எனக்கு வயிறு புரளும். ஒன்றரை மணி நேரத்தில் போகிற இடத்தை நான் முப்பது வருஷமாக ஈரத்துணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு சிங்கப்பூர் வேண்டாம், காசி வேண்டாம். அந்த மலைமேல் ஒரு நாள் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

கர்ப்பப்பையை எடுத்தபோதுதான் ஒரு உண்மை தெரிந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து விழுப்புரத்துக்கு ஆம்புலன்ஸில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். வாந்தி வரவில்லை. வலி உயிர் போகிறது, ஆனால் வயிறு கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கிறது. என் வாழ்க்கையில் சுகமாகப் போன ஒரே பயணம் அதுதான். வீடு திரும்பியதும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "படுத்துக்கினு போனா ஒண்ணும் ஆவலைங்க." அவர் அப்போதுதான் போனில், ஒரு புருஷன் பெண்டாட்டி வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிற வீடியோவை ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் அவர் முகம் பூத்துவிட்டது. கரும்பு வெட்டி முடிந்ததும் ஒரு பழைய வேன் வாங்கிப் படுக்கை போடுவது என்று முடிவானது. "உனக்காகத்தான் வாங்கறேன்" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். "அவளுக்காகத்தான் வாங்கறேன்" என்று ஊரில் நூறு தடவை சொன்னார்.

வண்டி கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டோரம் ஒரு தகர ஷெட்டில் நின்றது. பத்து சீட் டீசல் வேன். மலைக்கு ஆள் ஏற்றி இறக்கி, பிறகு கல்யாணத்துக்கு ஓடி, கிழடு தட்டியபின் புரோக்கர் கைக்கு வந்தது. புரோக்கர் பான்பராக் பல்லோடு வரவேற்றான். எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று கேட்டதற்கு, மீட்டர் ஒயர் அறுந்து ரொம்ப நாளாகிறது என்றான். "டீசல் வண்டிண்ணே, ஓட ஓடத்தான் இஞ்சின் பதமாவும். ஓடாத வண்டியத்தான் வாங்கக் கூடாது." அப்படிப் பார்த்தால் சாகிற வயசுக் கிழவியாகப் பார்த்துப் பெண் எடுப்பதுதான் உத்தமம் போல.

என் வீட்டுக்காரர் வாங்கத் துடித்துக்கொண்டிருந்தார், அது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவருக்குப் பேரம் வராது. அதனால்தான் அண்ணனைக் கூட்டிவந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் அண்ணன் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு மாடுகூட வாசலுக்கு வந்ததில்லை. அவர் டயரை எட்டி ஒரு உதை உதைத்தார். ஆயில் மூடியைத் திறந்துவைத்து இஞ்சினைப் போடச் சொன்னார். குபுகுபுவென்று புகை வந்தது. "பேக் கம்ப்ரஷன் அடிக்குது. இஞ்சினு பாதி செத்துப்போச்சு" என்றார். புரோக்கர், "மலை ஏறி எறங்குன வண்டிங்க, லேசா இருக்கும்" என்றான். இஞ்சினைப் போடுவதற்கு முன்பே நான் பானெட்டில் கையை வைத்துப் பார்த்திருந்தேன், சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடேற்றி வைத்திருக்கிறான். ஆறின இஞ்சின் லேசில் எடுக்காது, அதை மறைக்கத்தான் இந்த வேலை. "ஏங்க, ஏற்கெனவே சூடா இருக்குதே" என்றேன்.

"வெயில்ல நிக்குதும்மா" என்றான் புரோக்கர். வண்டி ஷெட்டுக்குள் நிழலில் நின்றது.

"உனக்கு இன்னா தெரியும், சும்மா இரு" என்றார் என் வீட்டுக்காரர். மூத்தவர் உடனே எடுத்துக்கொடுத்தார். "ஏ வாந்தி, இஞ்சின வுடு. தலைய வெளிய நீட்றதுக்கு எத்தினி சன்னல் இருக்குது, அத்தப் பாரு." புரோக்கருக்கும் கதை சொல்லப்பட்டது. அவனும் சிரித்தான். என்னை அன்றைக்குத்தான் பார்த்தவன்.

கடைசியில் மூத்தவர் எங்கள் பக்கத்தில் பழைய வேன் வாங்குகிற எவரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "இதுல பொணம் ஏத்தியிருக்கா?" புரோக்கர் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். "கல்யாணம், காதுகுத்து, மலைக்கு ஆளு, ஆடு. அவ்ளோதாங்க. பொணம் ஏறினா நானே வாங்க மாட்டேன்." இஞ்சின் பாதி செத்தது என்று சொன்ன வாயாலேயே மூத்தவர், "அப்பனா முடிச்சிக்கடா" என்றார். இஞ்சின் செத்திருக்கலாம், உள்ளே ஆள் மட்டும் செத்திருக்கக் கூடாது. இதுதான் எங்கள் ஊர் நியாயம்.

சீட்டுகளைக் கழற்றியபோது அடியிலிருந்து ஆட்டுப் புழுக்கையும் கடுக்காயும் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பும் வந்தன. ரப்பர் விரிப்பைத் தூக்கினால் தரை துருப்பிடித்து, கீழே ரோடு தெரிந்தது. வெல்டிங் பட்டறையில் புதுத் தகடு போட்டு, இரும்புச் சட்டம் கட்டி, அதன்மேல் பலகை அடித்தார்கள். நீளத்துக்கு ஒரு மெத்தை, பூப்போட்ட ரெக்சின் தைத்தது. தலைமாட்டில் ஒற்றை அடுப்பு, காலடியில் தண்ணீர் கேன். ஆட்டு நாற்றம் போக நான் மூன்று வேளை பினாயில் ஊற்றித் தேய்த்தேன். என் பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்துச் சன்னலுக்குத் திரை தைத்தேன். படுத்துப் பார்த்தேன், என் அளவுக்குச் சரியாக இருந்தது. எனக்கென்று அளவெடுத்துச் செய்த பொருள், ஜாக்கெட்டைத் தவிர, அது ஒன்றுதான். அதன்மேல் படுத்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

வெள்ளிக்கிழமை மலைக்குக் கிளம்புவதாக இருந்தது. வியாழக்கிழமை மேலத்தெருவிலிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். அவன் அப்பா மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு போய்விட்டது. "வண்டில பெட்டு போட்டிருக்கீங்களாமே!" என் வீட்டுக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு பறந்தார். அடிபட்ட மனுஷன், போகட்டும்.

அதற்குப்பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. வீடியோவில் வருகிறவர்களுக்கு வண்டியில் கட்டில் என்றால் ஊர் சுற்றுவது. எங்கள் ஊரில் வண்டியில் கட்டில் என்றால் ஆஸ்பத்திரி. பிரசவ வலி, பாம்புக்கடி, குடித்துவிட்டுக் கிணற்று மேட்டில் உருண்டவன், எல்லாம் என் மெத்தையில்தான். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள் என்றால் திரும்பிவருகிறதும் அதில்தான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதையாக, என் வண்டியை ஓட்டி என் வீட்டுக்காரர் புண்ணியம் சேர்த்தார். டீசல் காசுகூட வாங்க மாட்டார். அதுவரை அவர் வெறும் தம்பி, அண்ணன் நிழலில் நிற்கிறவர். இப்போது போகிற வீட்டிலெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். நான் ரெக்சினிலிருந்து ரத்தமும் மூத்திரமும் கழுவினேன். மலை எப்போது என்று கேட்டால், "உனுக்கு இன்னா அவசரம், மலை இன்னா நடந்தா போவுது?" என்பார். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். ஊருக்கு நல்லவரோடு எப்படிச் சண்டை போடுவது? ராத்திரி படுத்தால், இந்த ஊரில் சாகக் கிடக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில் செத்துத் தொலையக் கூடாதா என்று தோன்றும். அப்படித்தான் தோன்றியது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மூத்தவருக்குச் சர்க்கரை. காலில் புண் வந்து, கருத்து, விரல் எடுத்து, பாதம் எடுத்து, கடைசியில் ரத்தமே விஷமாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்கள் ஊரில் உயிர் வீட்டுக்குள்தான் பிரிய வேண்டும். கூடத்தில் கிடத்தி, பெண்டாட்டி கையால் வாயில் பால் ஊற்றி, அது தொண்டையில் இறங்க வேண்டும். அதுதான் நல்ல சாவு. வெளியே செத்தவரை ஊருக்குள் விடமாட்டார்கள். எல்லையில் புளியமரத்தடியில் போட்டு, அங்கிருந்தே சுடுகாட்டுக்கு எடுத்துவிடுவார்கள். அந்த மரத்தடியில் கிடப்பவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் அநாதைதான். ஊர்க் கட்டுப்பாடு என்று அதைக் கறாராகப் பிடித்தவர்களில் முதல் ஆளே மூத்தவர்தான்.

அக்கா கூடத்தை ஒழிக்கவும் பால் காய்ச்சவும் மகனோடு பைக்கில் முன்னால் போய்விட்டாள். வண்டியில் அவரோடு ஆள் வேண்டும். என்னை ஏற்றினார்கள். என் மெத்தையில் அவர், கீழே தரையில் நான். உட்கார்ந்து போகிறேன், வண்டி குலுங்குகிறது, புண்ணின் நாற்றம் வேறு. கரும்பு டிராக்டர்கள் இரண்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ரோட்டை அடைத்து ஊர்ந்தன. அவற்றின் பின்னால் மாட்டிக்கொண்டோம். பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு குடல் அறுந்து விழுகிற மாதிரி வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் முடிந்துபோயிருந்தார். கண் பாதி திறந்தபடி என் பக்கமாகத் திரும்பியிருந்தது.

"ஏங்க, மாமா பூட்டாருங்க" என்று கத்தினேன். வண்டி ஓரங்கட்டியது. என் வீட்டுக்காரர் ஏறிவந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார், நெஞ்சில் காது வைத்துப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கண்ணை மூடிவிட்டார், தாடை தொங்காமல், குளிருக்குக் கட்டுகிற மாதிரிக் காதோடு துண்டால் கட்டினார், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"உசுரு இருக்குது. கேட்டா உசுரு இருக்குதுன்னு சொல்லு" என்றார். பிறகு குரல் மாறி, "எங்க அண்ணன புளியமரத்தாண்ட போட சொல்றியா?" என்று கேட்டார். அந்த நிமிஷம் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

வாசலில் கூட்டம். கட்டிலோடு தூக்குகிற மாதிரித் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். காதுத் துண்டை அவிழ்த்ததும் வாய் தானாகத் திறந்தது. அக்கா மடியில் தலையை வாங்கி, சங்கில் பாலை எடுத்து ஊற்றினாள். பால் வாய் நிறைய நின்றது, பிறகு கடைவாய் வழியாக வழிந்து காதுக்குள் போனது. என் வீட்டுக்காரர், "எறங்குச்சு, எறங்குச்சு" என்றார். பங்காளி ஒருவர் மூக்கில் கைவைத்து, "இப்பதான் அடங்குச்சு" என்றார். ஒப்பாரி எழுந்தது. "என் கையால குடிச்சிட்டுப் போனாரே!" என்று அக்கா கூவினாள். நான் சுவரோரம் நின்றிருந்தேன்.

காரியம் முடிந்ததும் தொல்லை விடும் என்று நினைத்தேன், இரட்டிப்பானது. அவ்வளவு மோசமான நிலையில் இருந்தவரையே உயிரோடு வீடு சேர்த்த வண்டி என்று பேர் பரவிவிட்டது. ராசியான வண்டியாம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வரத் தொடங்கினார்கள். ஆம்புலன்ஸ் வந்து நின்றாலும் வேண்டாம், அந்த வண்டிதான் வேண்டும் என்றார்கள். சாகப்போகிறவர்களே முன்கூட்டிச் சொல்லிவைத்தார்களாம், என்னிய அந்தப் பூப்போட்ட பெட்டுல கொண்டாந்துடுங்க என்று. என் வீட்டுக்காரர் எதற்கும் மறுப்புச் சொல்லாமல் ஓட்டினார். சிலசமயம் அவரே நம்பிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

சண்டை போட்டு, மூன்று நாள் உலை வைக்காமல் இருந்து, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மலைக்குக் கிளம்பினோம். மெத்தையில் புது விரிப்பு. நான் ஏறிப் படுத்துவிட்டேன். நாலு இழுப்பு இழுத்து, கரும்புகை கக்கி, இஞ்சின் எடுத்தது. அப்போது ஒரு பைக் வந்து குறுக்கே நின்றது. வெளியூர்க்காரர்கள், அண்ணன் தம்பி இரண்டு பேர். "எங்க நைனாவ ஆஸ்பத்திரில எடுத்துக்கினு போவச் சொல்ட்டாங்க. இழுத்துக்கினு கெடக்குது. நீங்கதான் கொண்டாந்து சேக்கணும்" என்று பெரியவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

பக்கக் கதவு திறந்தது. "கொஞ்சம் எறங்கு. மத்தியானம் போலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

வேடிக்கை பார்க்கத் தெரு கூடியிருந்தது. குழாயடியில் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் அங்கே இருப்பதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, எழுந்து உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன். "தாராளமா ஏத்துங்க. எங்க மூத்தவரு இந்த பெட்டுலதான் செத்தாரு. கரும்பு டிராக்டர் பின்னாடியே உசுரு பூடுச்சி. பொணத்தத்தான் வூட்டுக்குள்ள கொண்டாந்தோம். பொணத்து வாயிலதான் பால ஊத்தனீங்க."

கும்பிட்ட கை மெல்லக் கீழே இறங்கியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் அப்பாவை ஷேர் ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வீடு சேரும்போது உயிர் இருந்ததா இல்லையா என்று அந்த ஊரில் இரண்டு பேச்சு இருக்கிறது. குழாயடிப் பக்கம் நான் திரும்பவில்லை. என் வீட்டுக்காரருக்கு அந்தத் தெருவில் அதற்குமேல் நிற்க முடியவில்லை. மலையைத் தவிரப் போக வேறு இடமும் இல்லை. ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

அணை தாண்டியதும் வண்டி முக்கி முனகி ஏறத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு என் உடம்பு மெத்தையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. வயிறு அசையவில்லை. படுத்திருந்ததால் சன்னலில் மரத்தின் உச்சியும் வானமும்தான் தெரிந்தன. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. மூத்தவர் உயிர்விட்ட மெத்தை என்று உடம்பு கூசும் என்று நினைத்தேன். கூசவில்லை. கரியாலூரில் இறங்கியதும் காற்று முகத்தில் அடித்தது. கடைத்தெரு, டீக்கடை, படகுக்கு வரிசை, கூச்சல் போடுகிற பிள்ளைகள், நம் ஊர் மாதிரிதான். ஆனால் குளிர்ந்தது. சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றேன். அப்படியே வயிற்றில் நின்றது. கீழே பார்த்தேன், எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கூப்பிடவும் இல்லை.

பொழுது சாயும்போது திரும்பினோம். தெருவில் யாரும் வெளியே வரவில்லை. அக்கா மட்டும் குழாயடிக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். காலையில் துலக்கிய பாத்திரம் அப்படியே கவிழ்ந்து கிடந்தது. நான் இறங்கி அவள் எதிரில் போய் நின்றேன். ஏசட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், மயிரைப் பிடிக்கட்டும் என்று தயாராகத்தான் போனேன்.

"நான் பால் ஊத்தறப்ப நீ அங்கதான நின்னுக்கினு இருந்த?" என்று கேட்டாள்.

"ஆமாங்க்கா."

"வர்றவங்க போறவங்க எல்லாரும் கேட்டாங்க, உன் கையால குடிச்சாரான்னு. குடிச்சாரு குடிச்சாருன்னு சொல்லிக்கினு இருந்தேன். இனிமே கேட்டா இன்னா சொல்றது?"

அவள் பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். தன் வாசற்படி வரைக்கும் போய் நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை, சும்மா விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

"மலை நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுக்கா" என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.